தப்பிய தோட்டா எங்கே போகும்?

(டெக்சஸ் மாநிலத்தில் தமிழ் அன்பர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய சிறு கடையும் நடத்துகிறார். இரவு பதினொரு மணிக்குக் கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தைக் கடந்து தன் காருக்குப் போக வேண்டும். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கொள்ளை நடந்த மறுவாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, இப்ப லைசென்ஸே வேண்டாமாம்ல? கடையில வாங்கி அப்படியே இடுப்புல வச்சுக்கலாமாம்ல?"

"சட்டப்படி வச்சுக்கலாம் தம்பி. ஆனா ஒரு நாள் என்கூட வகுப்புக்கு வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் இப்போது கட்டாயமில்லை. ஆனால் விரும்புகிறவர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். நான்கு பாடங்கள்: எந்த நிலையில் ஓர் உயிரைப் பறிக்கும் பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது என்பது ஒன்று. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது இரண்டு. சண்டையைச் சண்டையில்லாமல் முடிப்பது மூன்று. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது நான்கு. அதன்பின் சுடும் தேர்வு. ஆள் உருவம் அச்சிட்ட காகிதத்தின் மேல் 50 தோட்டாக்கள் சுட வேண்டும். மூன்று கெஜ தூரத்தில் 20, ஏழு கெஜத்தில் 20, பதினைந்து கெஜத்தில் 10.

மூன்று கெஜம் என்பது நம் வீட்டு வரவேற்பறையின் குறுக்களவுகூட இருக்காது. அங்கே தம்பி நன்றாகவே சுட்டார். ஏழு கெஜத்தில், இத்தனை நொடிக்குள் இத்தனை தோட்டா என்று நேரம் குறித்தபோது கை நடுங்கத் தொடங்கியது. பதினைந்து கெஜத்தில் சுட்ட பத்தில் மூன்று காகிதத்தின் மேல் படவே இல்லை. அவரை யாரும் துரத்தவில்லை, மிரட்டவில்லை. நல்ல வெளிச்சம், காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எதிரே நின்றது அசையாத காகிதம்.

காகிதத்தைக் கழற்றி எடுத்து வந்து ஓட்டைகளை எண்ணியவர், பயிற்றுநரிடம் "படாத மூணும் எங்கே போச்சு?" என்று கேட்டார். இலக்குகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்ற மண்மேட்டைப் பயிற்றுநர் கையால் காட்டினார். அதற்குள்தான் அவை புதைந்து கிடந்தன.

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி பேசவில்லை. வீடு நெருங்கும்போது சொன்னார்: "நம்ம கடை வாசல்ல மண்மேடு இல்லையேண்ணே."

நான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

அன்பர்களே, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2010 முடியும்போது, உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற மாநிலங்கள் வெர்மான்ட், அலாஸ்கா, அரிசோனா ஆகிய மூன்றுதான். வெர்மான்ட் உரிமம் என்ற ஒன்றை ஒருநாளும் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இல் கைவிட்டது, அரிசோனா 2010-இல். 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது எண்ணிக்கை 29 ஆகிவிட்டது. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பாதிக்கு மேல். நம் டெக்சஸில் 2021 ஜூனில் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டார், செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஃபுளோரிடா 2023 ஜூலையில் அதே வழிக்கு வந்தது.

இதனால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடவில்லை. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்குத் தடை தொடர்கிறது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் 1993-இல் வந்த பிரேடி சட்டப்படி பின்னணியைச் சரிபார்க்கிறார்கள். ஆனால் தனி ஆளிடம் வாங்கினால் மத்திய அரசின் சட்டம் அந்தச் சரிபார்ப்பையும் கேட்பதில்லை. ஆகவே உரிமத்தை எடுத்துவிட்ட மாநிலத்தில், ஒருவர் தன் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல், சட்டத்தின் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு கடைத்தெருவில் நம் தோளை உரசிக்கொண்டு நடக்கலாம். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

டெக்சஸ் என்றாலே இடுப்பில் துப்பாக்கி என்று நாம் திரைப்படம் பார்த்துப் பழகியிருக்கிறோம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1871-இல் இதே டெக்சஸ் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1881 அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டையை வைத்து எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அந்தச் சண்டை மூண்டது எதனால்? ஊர் எல்லைக்குள் ஆயுதம் ஏந்தி நடக்கக் கூடாது என்று அந்த நகரத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கக் காவல் அதிகாரி விர்ஜில் ஏர்ப் தன் தம்பிகளோடு போனார். அரை நிமிடத்தில் மூன்று பேர் மாண்டார்கள். கௌபாய்கள் காலத்து அரிசோனா ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்றது. 2010-இன் அரிசோனா உரிமமே வேண்டாம் என்கிறது.

டெக்சஸின் மனம் மாறியதற்கு ஒரு பெருந்துயரம் காரணம். அதை மதிப்போடு நினைத்துப் பார்க்க வேண்டும். 1991 அக்டோபர் 16. கில்லீன் நகரில் லூபிஸ் என்ற உணவகம். மதியச் சாப்பாட்டு நேரம். ஒருவன் தன் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே செலுத்தி, இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேரைக் கொன்றான். அங்கே தாய் தந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா ஹப். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. கை தானாகக் கைப்பைக்குள் போனது. துப்பாக்கியை காரிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையில் வைத்திருப்பது அன்றைக்குச் சட்ட விரோதம். பிடிபட்டால் தன் தொழில் உரிமம் பறிபோகும் என்று அஞ்சி காரில் வைத்திருந்தார். கொலைகாரனை மறிக்கப் பாய்ந்த தந்தை சுடப்பட்டு விழுந்தார். சுசானா சன்னல் வழியே தப்பினார். கணவரை விட்டு நகர மறுத்த தாயும் கொல்லப்பட்டார்.

அந்தப் பெண்ணின் சாட்சியம் இந்த மாநிலத்தை உலுக்கியது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் முயற்சியை 1993-இல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் எதிர்த்து நின்றார். அடுத்து வந்த ஜார்ஜ் புஷ் 1995-இல் கையெழுத்திட்டார். பயிற்சி பெற்று, கைரேகை கொடுத்து, தேர்வில் தேறினால் உரிமம் கிடைக்கும் என்பது அந்தச் சட்டம். சுசானா ஹப் மறு ஆண்டே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் இழந்ததை எண்ணிப் பார்க்கிற எவரும் "துப்பாக்கியே கூடாது" என்று அவர் முகத்துக்கு நேரே எளிதாகச் சொல்லிவிட முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

உரிமம் வேண்டாம் என்பவர்கள் கையில் இதைவிட வலுவான இரண்டு வாதங்கள் இருக்கின்றன.

முதலாவது 1956-இல் நடந்தது. அலபாமாவில் மான்ட்கோமரி நகரம். பேருந்துப் புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் ஜனவரி 30 அன்று குண்டு வீசினார்கள். உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள். அகிம்சையையே வழியாகக் கொண்ட அந்த மனிதர், அன்றைய பயத்தில், துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். உரிமம் கொடுப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் விருப்பம் என்று இருந்த காலம். அந்த விருப்பம் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் வேலை செய்தது.

இரண்டாவது 2015-இல் நியூ ஜெர்சியில் நடந்தது. முன்னாள் காதலனால் உயிருக்கு ஆபத்து என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றிருந்த ஒரு பெண், கைத்துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஆறு வாரமாகியும் பதில் வரவில்லை. அவன் வந்துவிட்டான். தன் வீட்டு வாசலிலேயே அந்தப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் நான் மழுப்பப் போவதில்லை. அதிகாரம் உள்ளவன் ஆள் பார்த்துக் கொடுக்கிற உரிமம் அநீதி. உயிர் போகும் அவசரத்தில் தாமதமாகிற உரிமம் கொடுமை. இரண்டையும் ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

ஆனால் கேள்வி இதுதான். ரேஷன் கடைக்காரர் எடை குறைத்துப் போட்டால், தராசைச் சரி செய்யச் சொல்வோமா, தராசே வேண்டாம் என்போமா? கிங்குக்குத் தேவைப்பட்டது நேர்மையான உரிமம். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது விரைவான உரிமம். இரண்டையும் சட்டத்தால் கொடுக்க முடியும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்த வழியை அடைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டத்தில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் தனி மனிதனுக்கு ஆயுத உரிமை தருகிறது என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்கு வெளியேயும் அந்த உரிமை உண்டு என்று 2022 ஜூன் 23 அன்று, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய புரூயென் தீர்ப்பு சொன்னது. 1911-இலிருந்து நியூயார்க்கில் வழிவழியாக வந்த சட்டத்தின்படி, உரிமம் கேட்கிறவர் தனக்கு மட்டும் உள்ள தனித்த தேவையை நிரூபித்தாக வேண்டும் என்றிருந்தது. அதைத்தான் ரத்து செய்தார்கள். பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, தேறியவருக்கெல்லாம் கொடுக்கிற உரிம முறையைத் தீர்ப்பு தொடவில்லை. அளவுக்கு மீறிய காத்திருப்பும் கட்டணமும் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. ஆக, உரிமத்தை முற்றிலும் தூக்கி எறிந்தது அந்தந்த மாநிலச் சட்டமன்றங்கள் தாமாக எடுத்த முடிவு. அரசியல் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். 1998-இல் ஜான் லாட் என்ற பொருளியலாளர், துப்பாக்கி எடுத்துச் செல்ல விட்டால் குற்றம் குறைகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். 2004-இல் தேசிய ஆய்வுக் குழு ஒன்று எல்லாத் தரவையும் அலசி, கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. 2019-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டானஹியூவும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வில், எளிதாக எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலங்களில் பத்தாண்டுக்குப் பின் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். அது உரிமத்தைத் தாராளமாக்கிய சட்டங்களைப் பற்றியது. உரிமத்தையே நீக்கிய சட்டங்கள் பெரும்பாலும் புதியவை. 2022-க்குப் பின் நாடு முழுக்கக் கொலைகள் குறைந்திருக்கின்றன, உரிமம் கேட்காத மாநிலங்களிலும் குறைந்திருக்கின்றன. ஆகவே "உரிமம் போனது, ஊர் சுடுகாடானது" என்று நான் கூவப் போவதில்லை. அப்படிக் கூவுகிறவர்களை நம்பாதீர்கள்.

நான் சொல்வது புள்ளிவிவரத்துக்கும் முன்னால் வருகிற ஓர் அறம். துப்பாக்கி ஏந்துகிறவர் ஒருவர். அவர் குறி தவறினால் அடிபடுகிறவர் வேறொருவர். பால் வாங்க வந்த பெரியவராக இருக்கலாம், கார் பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையாக இருக்கலாம். ஏந்துகிறவருக்கு உரிமை உண்டென்றால், எதிரே நிற்கிறவருக்கும் ஓர் உரிமை உண்டு. இந்த மனிதர் எப்போது சுடக் கூடாது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறார், ஒருமுறையாவது சுட்டுப் பார்த்திருக்கிறார் என்று நம்பும் உரிமை அது. உரிமம் என்ற அந்தச் சிறு அட்டை, முன்பின் தெரியாத மனிதருக்கு நாம் கொடுக்கிற வாக்குறுதி. தெருவில் மண்மேடு கட்ட முடியாது. ஆறு மணி நேர வகுப்புதான் நம்மால் கட்ட முடிந்த மண்மேடு.

காவலர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். 2021-இல் இந்தச் சட்டம் வந்தபோது டெக்சஸில் காவல் துறைத் தலைவர்கள் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இரவில் ஒரு காவலர் ஒரு காரை நிறுத்துகிறார். ஓட்டுநர் இடுப்பில் துப்பாக்கி. முன்பு ஓர் அட்டையைப் பார்த்தால் பாதி விவரம் தெரிந்துவிடும். இப்போது அவருக்குக் கையில் எந்த அடையாளமும் இல்லை. அட்டை இருந்தாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2016 ஜூலையில் மின்னசோட்டாவில், உரிமம் பெற்ற ஒரு கறுப்பினத்தவர், பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முறையாகச் சொன்ன பிறகும் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நோய்க்குக் காவல் துறைக்குள்ளேதான் மருந்து தேட வேண்டும். காரில் இருப்பவர் யாரென்று தெரியாத நிலையை இன்னும் கூட்டுவது அதற்கு மருந்தாகாது.

அப்படியானால் நான் வேண்டுவது என்ன? எல்லோருக்கும் ஒரே அளவுகோல் உள்ள உரிமம். ஏழையும் கட்டக்கூடிய கட்டணம். டெக்சஸில் இப்போது 40 டாலர்தான், வகுப்புக்கு வசதியற்றவருக்கு அரசே செலவை ஏற்கட்டும். குறித்த நாளில் பதில் வராவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே பொருள் என்று சட்டத்தில் எழுதட்டும். நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்றவருக்கு அன்றைக்கே தற்காலிக உரிமம். இவ்வளவும் செய்துவிட்டு, பயிற்சி இல்லாமல் தெருவுக்கு வராதே என்று சொல்ல ஒரு சமூகத்துக்கு முழு உரிமை உண்டு.

சட்டமன்றம் எப்போது மனம் மாறும் என்று காத்திருக்காமல், இங்கே இருக்கிற நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருக்கும் தம்பி தங்கைகளே, தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள். "டெக்சஸில் லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி பெருங்குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பாதீர்கள். சிறைக்கும் போக நேரும், இந்த நாட்டு வாழ்வும் முடிந்துபோகும். உரிமம் கட்டாயமாக இருந்த காலத்தில் விண்ணப்பப் படிவமே இதைச் சொல்லி நிறுத்திவிடும். இப்போது, தனி ஆளிடம் வாங்கினால், உங்களை நிறுத்திச் சொல்ல ஆளில்லை.

கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் கடை வாசல்களைப் பாருங்கள். ஓர் அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் 30.05, 30.06, 30.07 என்ற பிரிவு எண்களோடு அறிவிப்பு தொங்கும். நாம் கும்பிடப் போகும் கோயில் கதவிலும் பார்த்திருப்பீர்கள். உரிமம் இல்லாதவர், மறைத்து வைத்திருப்பவர், வெளியே தெரிய அணிந்தவர் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வொரு பொருள். மது அருந்தும் பார்களில் சிவப்பில் 51% என்று இருக்கும். இவற்றை மதிக்காமல் உள்ளே போனால் குற்றம். மதித்து, துப்பாக்கியை காரில் போட்டுவிட்டு உள்ளே போனால், கண்ணாடியை உடைத்து எடுத்துப் போகத் திருடன் காத்திருக்கிறான். இதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவது.

வகுப்பின் நான்காவது பாடத்தை, பூட்டி வைப்பதை, மறந்துவிடாதீர்கள். 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்கு அஞ்சி வாங்கியது, மனமுடைந்த மகன் கைக்குப் போய்ச் சேர்கிறது. வீட்டுக்குத் துப்பாக்கி வருவதற்கு முன்னால் பூட்டுப் பெட்டி வர வேண்டும்.

அந்தக் கேஸ் ஸ்டேஷன் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் துப்பாக்கி வாங்கினார். அது அவர் உரிமை, நான் தடுக்கவில்லை. ஆனால் சட்டம் கேட்காத உரிமத்தையும் வாங்கினார். மாதம் ஒரு முறை சுடும் பயிற்சிக்குப் போகிறார். கல்லாப் பணத்தை இரவில் தனியே எடுத்துப் போவதை நிறுத்திவிட்டு, பகலில் இரண்டு பேராகப் போய் வங்கியில் கட்டுகிறார். வாசலில் விளக்கைக் கூட்டினார். இன்றுவரை அவர் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க நேரவில்லை.

துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சட்டம் கேட்கவில்லை என்றாலும் வகுப்புக்குப் போங்கள், தேர்வு எழுதுங்கள், உரிமம் வாங்குங்கள். காகிதத்தின் மேல் படாத தோட்டாக்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.